எண்ணெய் வடியும் முகத்துக்கு கிளென்சிங் ஒயிலா? எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு எது சரிவரும்?

கேள்வி: கோப்பாய்த் தெருவாசி

அனைவருக்கும் வணக்கம். முகம் கழுவுவது பற்றி ஒரு சந்தேகம். இதையெல்லாம் நாலு பேரிடம் கேட்பதா என்ற கூச்சத்தில் இத்தனை மாதங்களாகக் கேட்காமலே இருந்துவிட்டேன்.

நான் கோப்பாயிலிருந்து சாவகச்சேரிக்கு நாள்தோறும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். போகும்போது கிழக்கு வெயில், திரும்பும்போது மேற்கு வெயில் என்று இரண்டு வேளையும் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். கைதடிப் பக்க வெளியில் ஒதுங்குவதற்கு ஒரு மர நிழலும் கிடையாது. அதனால் சென்ற ஆண்டிலிருந்து வியர்வைக்கும் தண்ணீருக்கும் கரையாத வகைச் சன்ஸ்கிறீன் பூசி வருகிறேன். கன்னம் கறுப்பது உண்மையாகவே குறைந்திருக்கிறது. ஆனால் மாலையில் அதை முகத்திலிருந்து எடுப்பதுதான் பெரும் பாடாக இருக்கிறது. சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினாலும் மெழுகு தடவியது போன்ற ஒரு பசை விரலில் தட்டுப்படுகிறது. மூன்றாவது தடவையும் கழுவினால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் மூக்கடியில் பசை அப்படியே நிற்கிறது. எங்களுடையது நல்ல தண்ணீர்க் கிணறு என்றுதான் பெயர், ஆயினும் மாதம் ஒரு முறையாவது கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைச் சுரண்ட வேண்டியிருக்கிறது.

கொழும்பிலிருந்து வந்த தோழி ஒருத்தி, முகத்துப் பூச்சைக் கரைத்து எடுக்கும் எண்ணெய் என்று சொல்லி ஒரு போத்தல் கிளென்சிங் ஒயில் தந்துவிட்டுப் போனாள். ஏற்கெனவே மதியத்துக்குள் எண்ணெய் வடிகின்ற முகத்தில் மேலும் எண்ணெய் பூசுவதா என்ற பயத்தில் அதை நான் திறக்கவில்லை. அம்மம்மாவோ அந்தப் போத்தலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதைத்தானே தாங்கள் அந்தக் காலத்தில் நல்லெண்ணெயும் பயத்தம் மாவும் கொண்டு செய்தோம், இதற்குப் போய் இவ்வளவு காசா என்று கேட்டார். அவர் பேச்சைக் கேட்டு, இரவில் நல்லெண்ணெய் தடவி, வெந்நீரில் நனைத்த துவாயால் துடைத்து, இரண்டு வாரம் செய்து பார்த்தேன். மா பூசினால் குளியலறை முழுவதும் கொட்டும் என்பதால் அதை விட்டுவிட்டேன். பசை போனது உண்மை; ஆனால் நெற்றியில் மணல் தூவியது போலச் சின்னஞ்சிறு பருக்கள் வந்துவிட்டன.

அம்மம்மாவின் எண்ணெயும் போத்தலில் இருப்பதும் ஒன்றுதானா? ஒன்றென்றால் எனக்கு எண்ணெயே ஒத்துவராது என்று முடிவெடுத்துவிடலாமா? பாவித்துப் பார்த்தவர்களோ விடயம் தெரிந்தவர்களோ விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: இணுவில் பழைய ஆசிரியர்

பிள்ளை, நான் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். அழகுக்கலை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கேள்வியில் முக்கால்வாசி இரசாயனமாகவே இருப்பதால் எழுதுகிறேன்.

சாவகச்சேரிக்கு நாள்தோறும் போகிறவருக்குப் பலாப்பழத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பழம் பிளக்கும் முன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசுகிறோம். பால் ஒட்டிவிட்டால் மீண்டும் எண்ணெய் போட்டுத்தான் எடுக்கிறோம். அந்தப் பாலை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது, ஏனெனில் அது தண்ணீரில் கரையும் பொருளன்று. உங்கள் சன்ஸ்கிறீனும் அப்படித்தான். வியர்வையில் வழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எண்ணெய், சிலிக்கோன், படலமாகப் பிடிக்கும் பல்பகுதியங்கள் ஆகியவற்றைச் சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். தோலில் ஊறும் எண்ணெயும் அதனோடு கலந்து நிற்கும். எண்ணெயில் கரைவதை எண்ணெய் கொண்டு இளக்குவதே இலகுவான வழி என்பதால், எண்ணெய் முகத்துக்கு எண்ணெயா என்று தயங்க வேண்டியதில்லை.

அப்படி இளக்கிய பிறகு அந்த எண்ணெய் முகத்தை விட்டு எப்படிப் போகப் போகிறது என்பதில்தான் அம்மம்மாவின் எண்ணெயும் தோழியின் போத்தலும் வேறுபடுகின்றன. வெறும் நல்லெண்ணெயைத் துவாயால் துடைத்தால் ஒரு பகுதி துவாய்க்குப் போகும். மீதி மெல்லிய படலமாகத் தோலிலேயே தங்கும், கரைந்த சன்ஸ்கிறீனில் ஒரு பங்கும் அதனுள்ளேயே கிடக்கும். கிளென்சிங் ஒயிலில் எண்ணெயோடு குழம்பாக்கும் பொருள் ஒன்றும் கலந்திருக்கும். அதன் மூலக்கூற்றில் ஒரு முனை எண்ணெயை விரும்பும், மறுமுனை தண்ணீரை விரும்பும். ஈரக் கையால் தொட்டவுடன் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் பரவும். முகத்தில் அது பால்போல வெளுப்பது இதனால்தான். வெளுத்த பிறகு தண்ணீர் ஊற்றினால் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்தே போய்விடும். போத்தலில் இருப்பது குழம்பாக்கி சேர்ந்ததா, வெறும் வாசனை எண்ணெயா என்று அறிய விரும்பினால், உள்ளங்கையில் இரண்டு துளி விட்டு ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். வெளுக்காமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அது வெறும் எண்ணெய்.

அடுத்தது உங்கள் கேத்தல். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கேள்வியின் மையமே அதுதான் என்று படுகிறது. யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டுதான் எங்கள் கிணறுகளுக்கு வந்து சேருகிறது. ஆகவே குடிக்க இனிக்கின்ற கிணறாக இருந்தாலும் அது கல்சியம் நிறைந்த வன்னீர்தான். சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடிய உப்பு. வன்னீரில் கல்சியம் வந்து சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தண்ணீரில் கரையாத கல்சியச் சவர்க்காரம் பிசுபிசுப்பாகத் திரளுகிறது. குளியலறைச் சுவரிலும் வாளியின் உட்புறத்திலும் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பூச்சு அதுவேதான். அப்படியானால் முகத்தில் மட்டும் அது படியாமல் இருக்குமா? நீங்கள் மெழுகு என்று சொல்வதில் சன்ஸ்கிறீன் பாதியென்றால் சவர்க்காரத் திரள் பாதியாக இருக்கலாம். மூன்றாவது தடவை சவர்க்காரம் போடும்போது நீங்கள் பசையை எடுக்கவில்லை, மேலும் ஒரு பூச்சுப் பூசுகிறீர்கள். நம்பாவிட்டால் இரண்டு போத்தல்களை எடுத்து, ஒன்றில் மழைத்தண்ணீரும் மற்றதில் கிணற்றுத் தண்ணீரும் விட்டு, ஒரே அளவு சவர்க்காரத்தைச் சுரண்டிப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை நிற்கும், மற்றதில் தயிர்போலத் திரியும்.

கிளென்சிங் ஒயிலில் சேர்க்கும் குழம்பாக்கிகள் பெரும்பாலும் ஏற்றமற்றவை, அதாவது அயனாகப் பிரியாதவை. கல்சியத்துக்கு அவற்றில் பிடித்துக்கொள்ள இடமில்லாததால் வன்னீரிலும் அவை திரிவதில்லை. கொழும்பு நகரக் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுபவரைவிட எங்களைப் போன்ற கிணற்றுக்காரர்களுக்கே இந்தப் பொருள் கூடப் பயன்படும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

அம்மம்மா சொன்னதில் பிழையில்லை; அதில் பாதியைத்தான் நீங்கள் செய்தீர்கள். எங்கள் வீடுகளில் சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகியபோது யாரும் எண்ணெயோடு எழும்பி வரவில்லை. அரப்போ சிகைக்காயோ பயத்தம் மாவோ தேய்த்துத்தான் முழுகினோம். மா எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு உதிரும். இலுப்பைப் பிண்ணாக்கிலும் சிகைக்காயிலும் உள்ள சப்போனின் நுரைத்து எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து எடுக்கும். இன்றைய குழம்பாக்கி செய்கின்ற அதே வேலைதான் அது. என் தாயார் பனம்பழக் களியைப் பிசைந்து துணி வெளுத்ததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பழத்தின் கசப்புக்குக் காரணமான சப்போனின்தான் அங்கே சவர்க்காரமாக நின்றது. குளியலறையில் கொட்டும் என்று நீங்கள் விட்டுவிட்ட அந்த மாவில்தான் அம்மம்மாவின் முறை நிற்கிறது.


பதில்: மானிப்பாய் மணப்பெண் அலங்காரம்

தங்கச்சி, சேர் காரணத்தைச் சொல்லிவிட்டார்; நான் கைப்பழக்கத்தைச் சொல்கிறேன். பதினொரு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். அலங்காரம் போடுவதை விட அதை எடுப்பதில்தான் தோலைக் கெடுக்கிறோம் என்பது என் அனுபவம்.

ஆரம்ப காலத்தில் நானும் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் கொண்டுதான் துடைத்தேன். அலங்காரம் நன்றாகவே போகும். நாலாம் சடங்குக்குள் பெண்ணின் தாடையிலும் நெற்றியிலும் பொரிப்பொரியாகக் கிளம்பும். தண்ணீர் மாற்றம், கல்யாணக் களைப்பு என்று எல்லோரும் ஏதோ ஒரு காரணம் சொல்வார்கள். நானும் அதையே சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் மூன்று பெண்களுக்கு அப்படி வந்த பிறகுதான் பிழை என் பஞ்சிலும் எண்ணெயிலும் இருந்தது என்பது எனக்கு உறைத்தது.

இப்போது செய்வது இதுதான். கையும் முகமும் உலர்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் வெயிலால் வந்தவுடன் கிணற்றடியிலோ குழாயடியிலோ முகத்தில் தண்ணீர் அடிப்பதுதான் முதல் வேலை. அதன் பிறகு ஒயிலை எடுத்தால் அது முகத்தில் தொட்டவுடனே வெளுத்துப்போய், சன்ஸ்கிறீனைத் தொடாமலே கழுவுப்பட்டுவிடும். பலர் “எனக்கு அது வேலை செய்யவில்லை” என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஈர முகம்தான். வியர்த்திருந்தால் மெல்லிய துணியால் ஒற்றிவிட்டு, இரண்டு மூன்று அழுத்து அளவு ஒயிலைக் கையில் எடுத்து, கன்னம், நெற்றி, மூக்கடி, தலைமுடி தொடங்கும் ஓரம், தாடைக்குக் கீழ் என்று விரல் நுனியால் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். சன்ஸ்கிறீன் அதிகமாகப் படிவதும் கழுவும்போது தவறிப்போவதும் காதோரத்திலும் தலைமுடி ஓரத்திலும்தான். கண்மை போட்டிருந்தால் கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு இமையில் தடவலாம். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் போதும். நீண்ட நேரம் தேய்த்தால் மூக்கிலிருந்து கறுப்புத் துணிக்கைகள் உருண்டு வரும், அவைதான் துவாரத்து அழுக்கு என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். அப்படிப் பத்து நிமிடம் தேய்ப்பவர்களின் முகம் சிவந்து எரிவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு விரல்களை மட்டும் தண்ணீரில் தோய்த்து மீண்டும் தடவுங்கள். பாலாக மாறும். இன்னொரு முறை விரலை நனைத்துத் தடவிவிட்டு, அதன் பின்னரே அள்ளி ஊற்றிக் கழுவுங்கள். இந்த நடுப் படியை அவசரத்தில் விட்டுவிட்டு நேரே தண்ணீர் ஊற்றினால், நல்லெண்ணெய் தடவியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கடைசியில் மென்மையான பேஸ் வொஷ் சிறிதளவு போட்டு ஒரு தடவை கழுவினால் போதும். வறண்ட தோல் உள்ள சிலர் அதையும் தவிர்க்கிறார்கள். உங்கள் முகத்துக்கு அதைத் தவிர்க்க வேண்டாம்.

கண்ணில் கொன்ராக்ட் லென்ஸ் போடுபவராயின் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். கழுவிய பின் சிறிது நேரம் பார்வை மங்கலாகத் தெரிந்தால் அது எண்ணெய்ப் படலம். சுத்தமான தண்ணீரால் மீண்டும் கழுவினால் போய்விடும். ஒட்டு இமைமயிர் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை, பசை இளகிக் கொட்டிவிடும்.

பசை என்றதும் நினைவுக்கு வருகிறது, ஸ்ரிக்கர் பொட்டு ஒட்டிய இடத்தில் மிஞ்சும் பசையையும் இதே ஒயில் கொண்டு நாள்தோறும் எடுத்துவிடுங்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா ரேர்சரி பியூற்றைல் பீனோல் என்ற பொருள் தோலின் நிறத்தையே அழித்து வெள்ளைத் தழும்பு விடக்கூடியது. வருடக்கணக்காக ஒரே இடத்தில் பொட்டு ஒட்டிய அம்மாமார் சிலரின் நெற்றியில் வட்டமாக வெளுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெளுக்கத் தொடங்கினால் துடைப்பதால் பயனில்லை. பொட்டையே நிறுத்த வேண்டும்.


பதில்: சுன்னாகம் பாமசித் தம்பி

அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. கடைக்கு வருபவர்களில் கிளென்சிங் ஒயில் கேட்பவர்கள் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் நாளில் சாதாரண சன்ஸ்கிறீன் பூசியவருக்கு நல்ல பேஸ் வொஷ் ஒன்றே போதுமானது. கேள்வி கேட்ட சகோதரி முதலில் மாற்ற வேண்டியது சவர்க்காரத்தைத்தான். தோலின் பி.எச். பெறுமானம், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, ஏறத்தாழ 5 அளவில் இருக்கும். சாதாரணக் குளியல் சவர்க்காரத்தினுடையது 9 முதல் 10 வரை. அதைக் கொண்டு ஒரே மாலையில் மூன்று தடவை கழுவினால் கன்னம் இழுக்காமல் என்ன செய்யும்? சேர் சொன்ன வன்னீர்க் கதைக்கும் ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஷெபீல்ட் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் 80 பேரைக் கொண்டு செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வன்னீரில் கழுவியவர்களின் தோலில் நுரைக்கும் பொருள் கூடுதலாகத் தங்கி எரிச்சலையும் கூட்டியது தெரியவந்தது. அங்கே பாவித்தது சவர்க்காரமன்று, சோடியம் லோரில் சல்பேற்று. ஆகவே பேஸ் வொஷ் வாங்கும்போதும் போத்தலின் பின்புறத்தில் அந்தப் பெயர் முதல் வரியிலேயே இருந்தால் வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

ஆனால் தண்ணீருக்குக் கரையாத வகை பூசுகிறேன் என்று அவர் எழுதியிருப்பதால் அந்த நாட்களுக்கு ஒயிலை நான் மறுக்க மாட்டேன். 2020இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், தண்ணீர் மட்டும் பாவித்தபோது இருவகைச் சன்ஸ்கிறீனிலும் பாதிக்கு மேல் முகத்திலேயே நின்றது. பேஸ் வொஷ் சாதாரண வகையைப் பெருமளவு எடுத்துவிட்டது, தண்ணீருக்குக் கரையாத வகையிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டுவைத்தது. ஒயில் இரண்டையும் கிட்டத்தட்ட முழுமையாக எடுத்தது. ஸ்கூட்டி ஓடும் நாளுக்கு ஒயிலும், ஞாயிற்றுக்கிழமைக்கு வெறும் பேஸ் வொஷ்ஷும் என்று வைத்துக்கொண்டால் போத்தலும் சில வாரம் கூட நிற்கும்.

இன்னொன்று. மினரல் ஒயில் என்று எழுதியிருந்தால் பெற்றோலியம் என்று பயந்து பலர் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அழகுசாதனத் தரத்துக்குச் சுத்திகரித்த மினரல் ஒயில் துவாரத்தை அடைப்பதில்லை, கெட்டுப்போவதும் குறைவு. எந்த எண்ணெய் பருவைத் தரும் என்று இணையத்தில் உலாவும் 0 முதல் 5 வரையான புள்ளிப் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். அதற்கு அடிப்படையான பழைய சோதனைகள் முயலின் காதில் எண்ணெய் பூசிப் பார்த்தவை. முயலின் காது எங்கள் முகத்தை விட மிக இலகுவில் அடைபடும். அதிலும் பூசியதைக் கழுவாமல் விட்டே பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் கழுவிப்போகும் பொருளுக்கு அந்தப் புள்ளி எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே யோசியுங்கள். தேங்காய் எண்ணெய்க்கு அதில் 4 புள்ளி; அலங்கார அக்காவின் அனுபவத்தையும் பார்த்தால் அந்த ஒன்றில் மட்டும் பட்டியல் சரி போலத்தான் இருக்கிறது.

பெயர்ச்சீட்டோ தயாரித்த இடமோ இல்லாமல் விற்கும் போத்தல்களை, முக்கியமாக எடுத்தவுடன் முகம் வெளுக்கும் என்று சொல்லி விற்பவற்றை, தொடவே வேண்டாம். வெளுக்க வைக்கும் கிறீம்களில் பாதரசமும் ஸ்ரீரொயிட்டும் கலந்து பிடிபட்ட கதைகள் உலகெங்கும் உண்டு.


பதில்: இணுவில் பழைய ஆசிரியர்

தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சவர்க்காரத்தை விட்டாலே பாதி வெற்றி. முயல் காது விடயம் எனக்குப் புதியது.


பதில்: பருத்தித்துறைத் தாதி

எல்லோரும் பசையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நெற்றிப் பருக்கள்தான் கவலை தருகின்றன. “மணல் தூவியது போல” என்று எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாம் ஒரே அளவாக இருக்கின்றனவா, அரிக்கின்றனவா, வியர்த்தால் கூடுகின்றனவா என்று கவனியுங்கள். கறுப்பு முனை, வெள்ளை முனை, சீழ் என்று பலவிதமாகக் கலந்து வருவது சாதாரண முகப்பரு. ஒரே அளவில் திரளாக வந்து அரிப்பது மலசீசியா என்ற பங்கசால் மயிர்க்கால்களில் உண்டாகும் அழற்சியாக இருக்க வாய்ப்புண்டு. பெயர் புதிதாகத் தோன்றினாலும் ஆள் எங்களுக்குப் பழக்கமானவர்தான்; முதுகிலும் கழுத்திலும் தேமல் வரச் செய்வது இதே மலசீசியாதான். எல்லோருடைய தோலிலும் அமைதியாகக் குடியிருக்கும். வெக்கையும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் பெருகும். தலைக்கவசத்தின் உள்விளிம்பு நெற்றியில் அழுந்தி வியர்த்திருக்கும் இடம் அதற்கு நல்ல விளைநிலம்.

இந்தப் பங்கசு தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாமல் வெளியிலிருந்து எடுத்து வாழ்வது. ஏறத்தாழ 11 முதல் 24 கார்பன் நீளமுள்ள கொழுப்பமிலங்கள் அதற்கு உணவு. நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலெயிக் அமிலமும் லினோலெயிக் அமிலமும்தான். இரண்டும் 18 கார்பன் உள்ளவை. தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லோரிக் அமிலம் 12. ஒலிவ் எண்ணெயும் இதே கணக்கில்தான் வரும். இரண்டு வாரமாக இரவு முழுவதும் நெற்றியில் ஒரு படலம் நின்றிருந்தால் நீங்கள் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மினரல் ஒயிலில் கொழுப்பமிலமே இல்லாததால் இப்படிப்பட்டவர்களுக்கு அதை முதன்மையாகக் கொண்ட கிளென்சிங் ஒயில் பாதுகாப்பானது. உங்கள் தோழி தந்த போத்தலில் முதலாவதாக எழுதியிருக்கும் பொருள் என்னவென்று பாருங்கள். கூடிய அளவில் இருப்பதைத்தான் முதலில் எழுதுவார்கள்.

எழுத்தை வாசித்து நோயை முடிவுசெய்யக் கூடாது என்பதால் ஒரு தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தோல் நோய்க்கான கிளினிக் நடக்கிறது. இதைப் பரு என்று எண்ணிப் பாமசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிப் பூசினால் சில வேளை கூடத்தான் செய்யும், ஏனெனில் பங்கசோடு போட்டியிடும் பக்ரீரியாவை அது ஒதுக்கிவிடும். வைத்தியரைக் காணும் வரை எல்லா எண்ணெயையும் நிறுத்தி வையுங்கள். தலைக்கவசத்தின் உட்துணி கழற்றக்கூடியதாயின் வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் போடுங்கள். கழற்ற முடியாவிட்டால் உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டு அதைத் தினமும் மாற்றலாம்.

கிளென்சிங் ஒயில் தொடங்கியவுடன் பரு வந்தால் அது அழுக்கு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அப்படிச் சில வாரம் கிளம்பி அடங்குவது தோலின் புதுப்பிப்பை விரைவாக்கும் ரெற்றினொயிட் போன்ற மருந்துகளில் நடப்பது. கழுவிப்போகும் எண்ணெய்க்கு அந்த வேலை கிடையாது. வந்தால் அது ஒத்துக்கொள்ளவில்லை என்றே பொருள்.


பதில்: கோப்பாய்த் தெருவாசி

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஐந்து வாரத்துக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பருக்கள் அரித்தன. அதுவரை அதை வியர்வைக் கடி என்று நினைத்திருந்தேன். தோல் வைத்தியர் பார்த்தவுடன் தாதி அக்கா எழுதிய அதே பெயரைச் சொல்லி, பங்கசுக்கான கிறீம் ஒன்றும் கீற்றோகொனசோல் சேர்ந்த ஷாம்பு ஒன்றும் எழுதித் தந்தார். மூன்றாவது வாரத்தில் நெற்றி சமமாகிவிட்டது. தோழியின் போத்தலைத் திருப்பிப் பார்த்தால் முதலாவதாக ஒலிவ் எண்ணெய் என்றிருந்தது. திறக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போய்விட்டது. பாமசித் தம்பி சொன்னபடி முதல் இரண்டு வாரம் சவர்க்காரத்தை மட்டும் நிறுத்திவிட்டு மென்மையான பேஸ் வொஷ் பாவித்தேன். கன்னத்து இழுவை நின்றது. மூக்கடிப் பசை குறைந்ததே தவிர முழுவதும் போகவில்லை. வைத்தியரிடமும் கேட்டுவிட்டு, மினரல் ஒயில் முதலாவதாக உள்ள ஒன்றை வாங்கி, வேலைக்குப் போகும் நாட்களில் மட்டும் பாவிக்கிறேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் போத்தலைத் தேடினேன். அக்கா சொன்னது போலவே அது கையிலேயே வெளுத்துப் போனது. இப்போது கைக்குட்டையால் ஒற்றிவிட்டுத் தொடங்குகிறேன். பசை இல்லை.

சேரின் போத்தல் சோதனையையும் மாரி மழைத் தண்ணீர் பிடித்துச் செய்து பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல் தயிராகத் திரிந்ததைக் கண்டு என் தம்பி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டான். மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து முகம் கழுவ மட்டும் பாவிக்கலாமா?


பதில்: இணுவில் பழைய ஆசிரியர்

தாராளமாகப் பாவிக்கலாம் பிள்ளை. கூரையைக் கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். நுளம்பு போகாதபடி வலைத்துணி கட்டி மூடி வையுங்கள். ஆனால் தை பிறந்த பிறகு எப்படியும் கிணற்றுக்குத்தான் திரும்ப வேண்டும், ஆகவே ஒயிலை விட்டுவிட வேண்டாம்.


பதில்: மானிப்பாய் மணப்பெண் அலங்காரம்

அந்த ஒலிவ் எண்ணெய்ப் போத்தலை வீசிவிடாதீர்கள் தங்கச்சி. உங்களுக்கு ஒத்துவராவிட்டாலும் வீட்டில் வறண்ட தோல் உள்ள யாருக்காவது உதவும்.


பதில்: கோப்பாய்த் தெருவாசி

அதற்கு ஆள் கிடைத்துவிட்டது அக்கா. சென்ற கிழமை சாவகச்சேரியிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்தேன். அம்மம்மா அதை வெட்டி முடித்துவிட்டு, கைப்பாலுக்கு வழக்கமான தேங்காய் எண்ணெயை எடுக்காமல், சேர் எழுதியதை நான் வாசித்துக் காட்டியிருந்ததால், அந்தப் போத்தலைத் தரச் சொன்னார். பால் இளகியது. பிறகு கையைத் தண்ணீரில் நீட்டியபோது வெளுத்து, துவாயில் துடைக்காமலே, பயத்தம் மாவும் போடாமலே சுத்தமாகிவிட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது போத்தல் குசினி யன்னலில் நிற்கிறது. விலையை மட்டும் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.